கழிமுகத்து ஊரில் கூட்டம் போடப் போகிறீர்களா? பந்தலுக்குச் சொல்லும் முன் இதைப் படியுங்கள்

சதுப்பு நிலம் காப்போம், மீன்வளம் காப்போம் என்று பேனர் கட்டி, பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, அதிகாரி ஒருவர் நாலு அலையாத்திக் கன்று நட்டு, போட்டோ எடுத்து, பதினொரு மணிக்குள் எல்லாரும் கார் ஏறிவிடுகிற நிகழ்ச்சிகளுக்கு நம் கடற்கரையில் குறைச்சலே இல்லை. பிப்ரவரி 2 உலக சதுப்பு நில நாள், ஜூலை 26 அலையாத்திக் காடுகள் நாள், செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை கடற்கரைத் துப்புரவு, நவம்பர் 21 உலக மீனவர் நாள் என்று காலண்டரும் அதற்கு வசதியாகத்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் அந்த ஊர் மீனவர் எங்கே என்று தேடினால், ஒன்று ஏரிக்குள் வலையோடு இருப்பார், இல்லையென்றால் ராத்திரி முழுக்கத் தொழில் செய்துவிட்டு வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

அப்படியில்லாமல் நடத்த நினைக்கிறவர்களுக்குத்தான் இது. பழவேற்காடு, கழுவேலி, பிச்சாவரம், முத்துப்பேட்டை மாதிரி உப்பங்கழியும் கடலும் சேரும் இடங்களில், மீனை விற்றுப் பிழைக்கிற ஆட்களையே உட்கார வைத்து, கழிமுகத்தையும் மீன்பிடியையும் பற்றிப் பேச வேண்டுமென்றால் எப்படிச் செய்வது என்று. பெரும்பாலும் சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடு ஏரியை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், மற்ற ஊர்களுக்கு நீங்களே கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். ஒரே ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சதுப்பு நிலத்துக்கு ஒரு நிகழ்ச்சி, மீன்பிடிக்கு இன்னொரு நிகழ்ச்சி என்று பிரிக்காதீர்கள். ஏரியும் ஏலமும் ஒரே பேச்சில் வர வேண்டும். பறவைகளுக்காக ஏரியைக் காப்பாற்றுங்கள் என்று மீனவரிடம் போய்ச் சொன்னால் மரியாதைக்குத் தலையாட்டுவார், அவ்வளவுதான். நாளைக்கு ஏலக் கூடையில் என்ன விழும் என்று பேச ஆரம்பித்தால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

நாள் பார்ப்பது

உலக தினங்களை மறந்துவிட்டு, வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரில் திதி பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் அதிகம், ஏரி கடலோடு சேரும் வாயான முகத்துவாரம் வழியாகத் தண்ணீர் வேகமாக ஓடும், வலை கட்டுகிறவர்களுக்கு அதுதான் சம்பாத்தியம், அன்றைக்குக் கூட்டம் வைத்தால் வயதானவர்களும் உங்கள் ஆட்களும்தான் இருப்பீர்கள். இரண்டுக்கும் நடுவில், அரைநிலா ஒட்டி, ஓட்டம் குறைந்துவிடும். அதாவது அஷ்டமி பக்கம். ஆனால் அஷ்டமி நவமியில் நல்ல காரியம் எதுவும் தொடங்கக் கூடாது என்று ஊரில் ஒருவராவது சொல்வார், அவரோடு வாதாட வேண்டாம், தசமியில் வையுங்கள், சொல்லப்போனால் ஓட்டம் ஆகக் குறைவது அரைநிலாவுக்கு ஓரிரு நாள் கழித்துத்தான், அதனால் அவர் சொல்வதும் உங்களுக்குச் சாதகம்தான்.

நேரம்? காலையில் ஏலம் முடியாமல் யாரும் வரமாட்டார்கள். மீன் விற்கும் பெண்கள் கூடையோடு பொன்னேரி பக்கமோ வேறு சந்தைக்கோ போய்விட்டு மதியத்துக்கு மேல்தான் திரும்புவார்கள், வந்ததும் சோறாக்க வேண்டும். எனவே மாலை நாலு, நாலரை. இருட்டுவதற்கு முன் முடித்துவிடுங்கள். பெண்கள் இல்லாமல் நடத்தும் மீன் கூட்டம் பாதிக் கூட்டம், ஏனென்றால் என்ன மீன் எந்த அளவில் என்ன விலைக்குப் போகிறது, போன வருடம் வந்த மீன் எது இப்போது வராமல் போனது என்பதெல்லாம் கூடை சுமக்கிறவருக்குத்தான் அத்துப்படி.

விசைப்படகுக்காரர்களையும் சேர்த்துப் பேச வேண்டுமென்றால் தடைக்காலத்தைப் பிடியுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது. அந்த நாட்களில் படகை மேலே ஏற்றி மராமத்து செய்துகொண்டு, வலை பின்னிக்கொண்டு, உரிமையாளர்களும் தொழிலாளர்களும் கரையில்தான் இருப்பார்கள், பேசவும் நேரம் இருக்கும். ஆனால் அதே நாட்களில் நாட்டுப்படகுக்கும் பைபர் படகுக்கும் தடை கிடையாது, மீன் வரத்துக் குறைவதால் விலையும் நன்றாக இருக்கும், அதனால் அவர்கள் மும்முரமாக இருப்பார்கள். இரண்டு பேரையும் ஒரே நாளில் பிடிக்க நினைத்தால் தலைவலிதான். அதற்கு வேறு காரணமும் இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

யாரிடம் முதலில் போவது

இரண்டு பஞ்சாயத்து உண்டு என்பதை மறக்காதீர்கள். ஒன்று தேர்தலில் வந்த ஊராட்சி. இன்னொன்று மீனவக் குப்பத்தின் ஊர்ப் பஞ்சாயத்து, தொழில் சம்பந்தமான கட்டுப்பாடு, தகராறு, அபராதம் எல்லாம் அதன் கையில். ஊராட்சித் தலைவரிடம் மட்டும் பேசி மேடை போட்டுவிட்டு, குப்பத்திலிருந்து ஏன் யாரும் வரவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. ஊர்ப் பஞ்சாயத்து சரி என்று சொல்லி, ஊரில் சொல்லிவிட்டார்கள் என்றால் நோட்டீஸே அடிக்க வேண்டாம்.

ஆனால் ஊர்ப் பஞ்சாயத்தோடு நின்றுவிடவும் கூடாது. பழவேற்காட்டில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது, ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். எல்லாரும் ஒரே இடத்தில் குவியாமல், நல்ல இடம் ஒருவருக்கே போகாமல், சண்டை வராமல் ஏரியைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. ஆராய்ச்சிக்காரர்கள் இதைப் பாராட்டி நிறைய எழுதியிருக்கிறார்கள், பாராட்ட வேண்டியதும்தான். ஆனால் பாடு உரிமை குறிப்பிட்ட குப்பங்களுக்கு, குறிப்பிட்ட சமூகத்துக்கு, அதிலும் ஆண்களுக்கு. சேற்றில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் அந்தச் சீட்டில் கிடையாது. ஏரியில் தண்ணீர் கெட்டால் முதலில் அடி விழுவது அவர்களுக்குத்தான், ஏனென்றால் அவர்கள் படகும் இல்லாமல் எஞ்சினும் இல்லாமல் இடுப்பளவுத் தண்ணீரில்தான் பிழைக்கிறார்கள், வேறு இடத்துக்குப் போக வழியில்லை. அவர்கள் குடியிருப்புக்குத் தனியாகப் போய் அழையுங்கள். வந்தால் பின்வரிசையில்தான் உட்காருவார்கள், பேசச் சொன்னால் மற்றவர்கள் முன்னால் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் முந்தின நாளே அவர்கள் இடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு, அவர்கள் அனுமதித்தால் கூட்டத்தில் நீங்கள் எடுத்துச் சொல்வது நல்லது.

அரசுப் பக்கம்: மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் ஒரு கடிதம். இடம் சரணாலய எல்லைக்குள் வந்தால் வனத்துறையிடம் எழுத்து அனுமதி, இது கட்டாயம், பழவேற்காடும் கழுவேலியும் பறவைகள் சரணாலயம். மைக் வைப்பதாக இருந்தால் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். பேச ஒரு நிபுணர் வேண்டுமென்றால் பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, சென்னையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனமும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையமும் இருக்கின்றன. கேட்டால் அனுப்புவார்கள். ஆனால் பத்து நிமிடம்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், திரை போட்டுப் படம் காட்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள், மாலை வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது.

தரையில் ஏரி வரையுங்கள்

கூட்டத்தைச் சொற்பொழிவோடு தொடங்காதீர்கள். கோலமாவு ரெண்டு கிலோ வாங்கி வைத்துக்கொண்டு, மணலில் ஏரியை வரையச் சொல்லுங்கள், நீங்கள் வரையக் கூடாது. ஒரு பெரியவர் முகத்துவாரத்தைப் போடுவார், இன்னொருவர் அது அங்கே இல்லை, இன்னும் வடக்கே என்பார், மூன்றாமவர் என் அப்பா காலத்தில் இங்கே இருந்தது என்று வேறு இடத்தில் கோடு இழுப்பார். மூன்றும் சரிதான், மணல் முகத்துவாரத்தை நகர்த்திக்கொண்டே இருக்கிறது, சில மாதங்களில் அடைத்தும் விடுகிறது. ஆரணியாறு எங்கே வந்து விழுகிறது, பக்கிங்காம் கால்வாய் எப்படிப் போகிறது, எந்த இடத்தில் சேறு, எந்த இடத்தில் மணல், மடவை எங்கே கூட்டமாக வரும், நண்டு எங்கே, இறால் குஞ்சு எந்த ஓரத்தில் ஒதுங்கும், எந்த இடத்தில் தண்ணீர் நாறுகிறது, எங்கே சாலை போட்டு ஓட்டத்தை அடைத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் இதிலேயே போய்விடும், போகட்டும். இதுதான் நிகழ்ச்சியின் முக்கியமான பகுதி.

ஒருவர் அதை அப்படியே ஒரு பெரிய தாளில் படியெடுக்க வேண்டும், போட்டோவும் எடுக்க வேண்டும். காரணம் இருக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி மாவட்டம்தோறும் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒன்று தயாரித்து, மக்கள் கருத்துக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023-இல் வரைவு வரைபடம் வெளிவந்தபோது மீன்பிடி இடங்களும் குப்பங்களும் வலை காயவைக்கும் இடங்களும் அதில் சரியாக வரவில்லை என்று கடற்கரை முழுக்க எதிர்ப்பு வந்தது. அந்த மாதிரிக் கூட்டத்தில் போய் எங்கள் இடத்தைக் காணோம் என்று வாயால் சொல்வதற்கும், ஊரே கையெழுத்துப் போட்ட வரைபடத்தை மேசையில் விரிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நான் சொல்லத் தேவையில்லை. அரசு வரைபடத்தில் உங்கள் ஏரி எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். எண்ணூர் கழிமுகத்தில் இப்படித்தான் பழைய வரைபடத்தை வாங்கி, பிறகு வந்த வரைபடத்தில் கழிமுகத்தின் ஒரு பெரிய பகுதியே காணாமல் போயிருந்ததை வெளியே கொண்டுவந்தார்கள்.

இறாலின் பயணத்தைச் சொல்லுங்கள்

வரைந்த ஏரியின் மேலேயே இதைச் சொல்லலாம். வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வரும், சேறும் பாசியும் அலையாத்தி வேரும் இருக்கிற ஆழமில்லாத இடத்தில் சில மாதம் தின்று வளரும், ஓரளவு பெரிதானதும் மறுபடி கடலுக்குப் போகும். பச்சை நண்டுக்கும் கிட்டத்தட்ட அதே கதை, வளர்வது சேற்றில், சினை கட்டியதும் பெண் நண்டு கடல் பக்கம் நகரும். கொடுவா, மடவை, பால் மீன் எல்லாமே ஏதாவது ஒரு பருவத்தில் இந்த வாசலைக் கடந்தாக வேண்டும். ஆக முகத்துவாரம் அடைபட்டால் ஏரிக்காரருக்கு மட்டும் நஷ்டம் இல்லை, வெளியே கடலில் மடி என்கிற இழுவலை இழுக்கிற விசைப்படகுக்காரருக்கும் நஷ்டம். ஏரிக்குள் கொசுவலை மாதிரிச் சின்னக் கண்ணி போட்டுக் குஞ்சை வாரினாலும் அதே நஷ்டம், கடல் இறால் குறையும். ஏரிக்காரர், கடல்காரர் என்று பிரிந்து கிடக்கிற ஊரில் இதை ஒருமுறை தரையில் கோடு போட்டுக் காட்டினால் பேச்சின் தொனியே மாறும்.

இதில் நிறையப் பேருக்குத் தெரிந்த விஷயம்தான் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள், தாத்தா காலத்து ஆட்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் சேர்க்க வேண்டியது வேறு ஊர்ச் செய்தி. ஒடிசாவின் சிலிகா, இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி, அடுத்தது பழவேற்காடு. சிலிகாவிலும் இதே பிரச்சினைதான், வாய் தூர்ந்து, உப்பு குறைந்து, களைச்செடி மண்டி, மீன் வரத்து விழுந்து, 1993-இல் சதுப்பு நிலங்களுக்கான சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் ஆபத்துப் பட்டியலுக்குப் போனது. 2000 செப்டம்பரில் புதிதாக ஒரு வாய் வெட்டினார்கள். கடல் தண்ணீர் உள்ளே வந்தது, மீன் வரத்து ஏறியது, 2002-இல் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். பழவேற்காட்டு முகத்துவாரத்தைத் தூர்வாரி நிலையாகத் திறந்து வைக்க வேண்டும் என்று இந்த ஊர்க்காரர்கள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தக் கதை நல்ல ஆயுதம். கூடவே அதன் இன்னொரு பாதியையும் சொல்லுங்கள்: மீன் திரும்பியதும் அங்கே ஏரியை வளைத்து அடைப்புப் போட்டு இறால் வளர்ப்பது பெருந்தொல்லையாகி, அடைப்புகளைப் பிடுங்குவது அரசுக்குத் தனி வேலையாகிவிட்டது. வாய் திறந்தால் மட்டும் போதாது, உள்ளே யார் எவ்வளவு எடுப்பது என்றும் முடிவாக வேண்டும்.

கழிவு மீன் கூடை

இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. அன்று காலை ஏலத்தில் கோழித் தீவனத்துக்கும் மீன் மாவுக்கும் போகிற கழிவு மீன் ஒரு கூடை வாங்கிக்கொள்ளுங்கள், ஐஸ் போட்டு வையுங்கள், இல்லையென்றால் நாலு மணிக்கு யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள். ஒரு தார்ப்பாயில் கொட்டி, இளைஞர்களையும் பிள்ளைகளையும் விட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். உண்மையிலேயே கழிவு எது, வளர விட்டிருந்தால் விலை போகும் மீனின் குஞ்சு எது. பிரித்த பிறகு மீன் விற்கும் அக்கா ஒருவரை அழைத்து, இந்த வஞ்சிரக் குஞ்சு முழு மீனாக இருந்தால் இன்றைக்கு என்ன விலை, இந்தச் சங்கரா என்ன விலை என்று கேட்டு, பலகையில் கூட்டிக்கொண்டே போங்கள். கூடை வாங்கிய விலையை மேலே எழுதிவிட்டு, கீழே அந்தக் கூட்டுத்தொகை. எல்லாக் குஞ்சும் பிழைத்து வளராது, பெரும்பாலானவை எப்படியும் சாகும் என்று யாராவது சொன்னால் அவர் சொல்வது சரி, ஒத்துக்கொண்டு பத்தில் ஒன்று பிழைத்தால் என்ன கணக்கு என்று போடுங்கள். அப்போதும் பெரும்பாலும் கீழே இருக்கும் தொகைதான் பெரிதாக வரும்.

அளவுகோல் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் மத்தி 10 சென்டிமீட்டர், அயிலை 14 சென்டிமீட்டருக்குக் கீழ் பிடிக்கக் கூடாது என்று சட்டப்படி அளவு வைத்திருக்கிறார்கள், அங்கே படகைப் பிடித்து அபராதமும் போடுகிறார்கள். அந்த அளவை அட்டையில் கோடு போட்டு வைத்து, நம் கூடையில் இருப்பதை அதன்மேல் வைத்துப் பார்க்கச் சொன்னால் போதும், யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை.

வியாபாரியையும் அழைத்தே ஆக வேண்டும். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். மீனவரிடம் சின்ன நண்டைப் பிடிக்காதே, சினை நண்டை விடு என்று ஆயிரம் தடவை சொல்லலாம், வியாபாரி அதைக் காசு கொடுத்து வாங்கும்வரை அது கரைக்கு வந்துகொண்டேதான் இருக்கும். அதுவும் பலர் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி வலையும் எஞ்சினும் எடுத்தவர்கள், அவர் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். சிங்கி இறாலில் இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது: ஏற்றுமதிக்கு இனத்தைப் பொறுத்துக் குறைந்தபட்ச எடை உண்டு, மணி சிங்கி 500 கிராமுக்குக் கீழ் அனுப்ப முடியாது. அதனால் வாங்குகிறவரே சின்னதை ஒதுக்குகிறார். பச்சை நண்டுக்கும் ஊரளவில் அப்படி ஒரு எடை வைத்துக்கொள்ளலாமா என்று வியாபாரி வாயால் சொல்ல வையுங்கள். அவர் ஒருவர் மட்டும் ஒத்துக்கொண்டால் பக்கத்துக் கடைக்காரர் வாங்கிவிடுவார் என்பார், நியாயம்தான், ஆகவே அந்த ஏரியில் நண்டு வாங்குகிற எல்லாரையும் ஒரே நாளில் உட்கார வைக்க வேண்டும். பொதுவாகக் கைவிட்டு எண்ணிவிடக்கூடிய ஆட்கள்தான்.

விசைப்படகும் நாட்டுப்படகும்

இவர்களை முதல் கூட்டத்திலேயே ஒன்றாக உட்கார வைக்காதீர்கள் என்பது என் கருத்து. அறுத்த வலைக்கும் உடைத்த படகுக்கும் பழைய கணக்கு நிறைய இருக்கும், உங்கள் சதுப்பு நிலம் அந்தச் சண்டையில் காணாமல் போய்விடும். தனித்தனியாகப் பேசி, இரண்டு பக்கமும் ஒத்துவரும் ஒன்றிரண்டு விஷயம் கிடைத்த பிறகு சேர்த்து வையுங்கள்.

சட்டத்தை மட்டும் இரண்டு பக்கமும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1983-ஆம் வருடத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் கரையை ஒட்டிய கடல்பகுதியில் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது, அது நாட்டுப்படகுக்கு. இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டை மடிக்குத் தடை. அதிகசக்தி விளக்குப் போட்டு மீன் பிடிப்பதை 2017-இல் மத்திய அரசு தடுத்தது. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடிக்கு மாநிலத்தில் தடை, ஆனால் 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால் திங்கள், வியாழன் மட்டும், பகலில், நிபந்தனைகளோடு அனுமதித்தது. இந்தச் சுருக்குமடியை மேடையில் பேசத் தொடங்கினால் அன்றைய கூட்டம் அதோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், யாராவது எடுத்தால் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள்.

விசைப்படகுக்காரர்களிடம் பேச நல்ல விஷயம் ஆமை. 2025 தொடக்கத்தில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆமை பாவம் என்று ஆரம்பித்தால் எங்களைக் குற்றவாளி ஆக்குகிறீர்களா என்று எழுந்துவிடுவார்கள். இந்திய மடிகளில் ஆமை தப்பிக்கும் கருவி இல்லை என்பதற்காக 2019 முதல் கடலில் பிடித்த இந்திய இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை, வளர்ப்பு இறால் மட்டும்தான் போகிறது என்று ஆரம்பியுங்கள். அந்தச் சந்தை மூடியதால் நம் இறாலுக்கு விலை எவ்வளவு போயிருக்கும் என்பது அவர்களுக்கே தெரியும். கருவி மாட்டினால் மீனும் சேர்ந்து போய்விடாதா என்ற கேள்வி உடனே வரும், அதற்கு மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் மடிக்கு ஏற்ற மாதிரி வடிவமைத்திருக்கும் கருவியை நேரில் கொண்டுவரச் சொல்லி, தடைக்காலத்தில் படகுத் துறையிலேயே விரித்துக் காட்டுங்கள். கையால் தொட்டுப் பார்க்காமல் எந்த வலைக்காரரும் எதையும் நம்புவதில்லை.

கன்று நடுவதா வேண்டாமா

நடத்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் உண்டு, நிதி கொடுத்தவருக்குப் போட்டோ வேண்டும். சரி, ஆனால் எங்கே? வெறும் சேற்றுத் திட்டாகத் தெரிகிற இடம் காலி மனை இல்லை. பூநாரையும் உள்ளானும் இரை தேடுவதும், இருளர் பெண்கள் இறால் தடவுவதும், நண்டு வளை போடுவதும் அங்கேதான். அதில் போய் அலையாத்தியை நெருக்கி நட்டால் இருந்ததையும் கெடுத்தது ஆகும், பெரும்பாலும் அந்தக் கன்று பிழைக்கவும் செய்யாது. முன்பு அலையாத்தி இருந்து அழிந்த இடமா என்று கோலமாவு வரைபடத்தில் பெரியவர்களிடம் கேளுங்கள், இல்லையென்றால் நடாதீர்கள்.

இருந்து அழிந்த இடம் என்றாலும், ஏன் அழிந்தது என்று பார்க்காமல் நடுவது வீண். பிச்சாவரத்தில் மரம் வெட்டப்பட்ட இடங்களில் தரை தாழ்ந்து, வெள்ளத் தண்ணீர் வடியாமல் தேங்கி, வெயிலில் வற்றி உப்பு ஏறிப்போய், கன்று எதுவும் பிடிக்கவில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து, நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள் என்று மீன்முள் வடிவில் வெட்டி, ஏற்றத் தண்ணீர் தினமும் வந்து போகும்படி செய்தார்கள், அதன் பிறகுதான் காடு பிடித்தது. ஆக, உங்கள் ஊரில் நடுவிழாவுக்குப் பதிலாக அடைபட்ட ஒரு ஓடையைத் தூர் எடுக்கும் நாள் வைத்தால் அதுவே உருப்படியான வேலை. வனத்துறை அனுமதியோடு சீமைக் கருவேலத்தை அகற்றலாம், ஏரியில் சிக்கிக் கிடக்கும் அறுந்த தங்கூசி (நைலான் இழை) வலைகளை இழுத்துப் போடலாம். அந்த வலை அறுந்த பிறகும் சும்மா இருப்பதில்லை, மீனையும் நண்டையும் பிடித்துப் பிடித்துச் சாகடித்துக்கொண்டே இருக்கும். இழுத்த வலையைக் கரையிலேயே தராசில் நிறுத்துப் பலகையில் எழுதுங்கள். படகு தருகிறவருக்கு டீசல் காசு கொடுத்துவிடுங்கள், ஒருநாள் தொழிலை விட்டு வருகிறார், சேவை என்று சொல்லி ஏமாற்றாதீர்கள்.

சில சில்லறை விஷயங்கள். தண்ணீரைப் பானையில் வையுங்கள், கேன் வைத்தாலும் சரி, சின்னப் பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், ஏரியைக் காப்போம் கூட்டம் முடிந்து ஏரியில் பாட்டில் மிதந்தால் ஊர் பல வருடம் சொல்லிச் சிரிக்கும். சாப்பாடு போட்டால் மீன் குழம்பு போடுங்கள், அந்த ஊர்ப் பெண்கள் குழுவிடம் கொடுங்கள், மீன் வாங்கும்போது அளவு பார்த்து வாங்குங்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு எதுவும் வேண்டாம், வேண்டுமென்றால் வரைபடம் வரைந்த பெரியவருக்கு மட்டும் ஒரு துண்டு போடலாம். பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பக்கத்தில், சூளூர்ப்பேட்டையில், ஆந்திர அரசு பூநாரைத் திருவிழா நடத்துகிறது, பெரிய கூட்டம், கலைநிகழ்ச்சி எல்லாம் உண்டு, சுற்றுலாவுக்கு நல்லதுதான், ஆனால் அதைப் பார்த்துவிட்டு அதே மாதிரி செய்யக் கிளம்பாதீர்கள், அது வேறு வேலை.

முடிவை எழுதுவது

கடைசி அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்கி வையுங்கள். எல்லாவற்றிலும் தீர்மானம் போடாதீர்கள், ஒன்று அல்லது இரண்டு போதும். ஊர் தானே செய்யக்கூடியது ஒன்று: சினை நண்டை வாங்குவதில்லை, விற்பதில்லை, அல்லது ஏரிக்குள் இந்த இடத்தில் இத்தனை மாதம் சின்னக் கண்ணி வலை கிடையாது, மீறினால் அபராதம் எவ்வளவு, யார் வசூலிப்பது. இதை ஊர்ப் பஞ்சாயத்து தன் நோட்டில் எழுத வேண்டும், உங்கள் லெட்டர்பேடில் இல்லை. அபராதம் இருளர் குடும்பங்கள் தலையில் மட்டும் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், இதற்கு அவர்களில் ஒருவர் அந்த முடிவில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று அரசு செய்ய வேண்டியது: முகத்துவாரம், கழிவுநீர், வரைபடம், எதுவானாலும் ஒன்று. அதைக் கிராம சபைத் தீர்மானமாக்குங்கள். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் கூட்டத்தை இதில் ஒன்றுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் வைத்தால் சூடு ஆறுவதற்குள் தீர்மானம் போட்டுவிடலாம், மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், ஏரியைப் பற்றிப் பேச அதுவே பொருத்தம், விசைப்படகுத் தடைக்காலமும் அதற்கு அடுத்துத்தான் வருகிறது. தீர்மான நகலைக் கேட்டு வாங்கி, மீன்வளத்துறைக்கும் ஆட்சியருக்கும் மாநிலச் சதுப்பு நில ஆணையத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை நோட்டில் ஒட்டி வையுங்கள்.

அப்புறம் தரையில் வரைந்து படியெடுத்த அந்த வரைபடம். அதை நீங்கள் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு நகல் உங்களுக்கு, அசல் ஏலக்கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும், பக்கத்தில் ஒரு பேனாவைக் கயிற்றில் கட்டிவிடுங்கள், முகத்துவாரம் அடைபட்ட தேதியையும் திறந்த தேதியையும் அங்கே இருக்கிற ஏலக்காரரே சட்டத்தின் கீழே ஒட்டிய தாளில் எழுதிக்கொண்டு வரட்டும்.